கடிதம் கிடைத்த திகதி: அரச உத்தியோகத்தரின் பாகுபாட்டு முறையீடும் அதன் நாட்கணக்கும்

"மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கு, பதில் வரட்டும், பிறகு பாப்பம்."

இடமாற்றத்திலோ பதவி உயர்விலோ தனக்கு ஓரவஞ்சனை நடந்துவிட்டதென்று குமைந்துகொண்டிருக்கும் உத்தியோகத்தரிடம், யாழ்ப்பாணத்தில் எந்தக் கந்தோரில் கேட்டாலும் இந்த வசனம்தான் வரும். பொறுமையான வசனம். மரியாதையான வசனமும்தான். ஆனால் நல்ல வழக்குகளைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். பதில் மூன்று மாதம் கழித்து வரலாம், வராமலே போகலாம். அதற்குள் உயர் நீதிமன்றத்தின் வாசல் அடைபட்டுவிடும்.

அதனால் பாகுபாடு என்றால் என்ன, எந்த உறுப்புரை என்ன சொல்கிறது என்பதற்கெல்லாம் முதல், கடித உறையிலிருந்து தொடங்குவோம். கட்டளைக் கடிதம் வந்த உறையை எறிய வேண்டாம். அதில் தபால் முத்திரை இருக்கிறது. கையில் தந்திருந்தால், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வைக்கும்போது அன்றைய திகதியையும் நீங்களே எழுதுங்கள். கடிதத்தின் தலையில் அச்சான திகதி ஒன்று, உங்கள் கைக்கு வந்த திகதி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரம் போயிருப்பது புதினமான விஷயமல்ல. பின்னால் வரும் எல்லாக் கணக்கும் கைக்குக் கிடைத்த திகதியில்தான் நிற்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு மணிக்கூடுகள் ஓடுகின்றன. ஒன்று சேவைக்குள் செய்யும் மேன்முறையீட்டின் கெடு. மற்றது அரசியலமைப்பின் 126(2) உறுப்புரை வைத்த ஒரு மாதம். நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலினால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். மீறல் நடந்ததை அறிந்திருக்கவே வழியில்லை என்றால், அறிந்த நாளிலிருந்து எண்ணலாம். ஆனால் வேறு நிவாரணங்களைத் தேடி அலைந்தது இந்த மாதத்தை நிறுத்தி வைக்காது. நீதிமன்ற வழியாக அலைந்தாலும் சரி, நிர்வாக வழியாக அலைந்தாலும் சரி. இதை உயர் நீதிமன்றம் 1988இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதாவது நீங்கள் அனுப்பிய மேன்முறையீடு யாரோ ஒருவருடைய மேசையில் கிடக்கும் காலம் முழுவதும் இரண்டாவது மணிக்கூடு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மேன்முறையீடு நிராகரிக்கப்பட்ட பிறகு சட்டத்தரணியிடம் போனால், அவர் முதலில் கேட்பது "முதல் கடிதம் எப்ப கிடைச்சது?" என்றுதான்.

நினைவூட்டல் கடிதங்களுக்கும் இதுவே கதி. ஒரே மறுப்பை ஐந்து தடவை கேட்டு வாங்கினாலும் மாதம் ஐந்து தடவை புதிதாகத் தொடங்காது. புதிய காரணத்தோடு புதிய கட்டளை வந்தால் அது வேறு விஷயம்.

ஒரு மாதம் என்பது எவ்வளவு சின்னக் காலம் என்று கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சித்திரை வருடப்பிறப்பு நடுவில் விழுந்தால் ஒரு வாரம் போச்சு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாள் நடுவில் விழுந்தால் மாதமே போன மாதிரித்தான். கொழும்புக்கு இரவு பஸ் ஏறி, சட்டத்தரணியைக் கண்டு, சத்தியக்கடதாசி முடித்து, இணைப்புகளுக்குப் போட்டோக்கொப்பி எடுத்துத் தாக்கல் செய்யப் பத்து நாளாவது வேண்டும்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1) பிரிவு. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அந்த முறைப்பாட்டின் மீது விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் 126(2) சொல்லும் மாதத்தில் கணக்கெடுக்கப்படாது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் எழுதிக் கொடுக்கலாம், சட்டத்தரணி தேவையில்லை.

ஆனால் பலர் சறுக்குவதும் இந்த இடத்தில்தான். முறைப்பாட்டைக் கொடுத்து இலக்கத்தையும் வாங்கிவிட்டால் மணிக்கூடு நின்றுவிட்டது என்று நம்புகிறார்கள். பிரிவின் சொற்களைத் திரும்ப வாசியுங்கள்: முறைப்பாடு நிலுவையில் இருப்பதைப் பற்றி அது பேசவில்லை, விசாரணை நிலுவையில் இருப்பதைப் பற்றிப் பேசுகிறது. முறைப்பாடு கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை நடந்துகொண்டிருந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே முறைப்பாடு கொடுத்துச் சில நாளில் திரும்பப் போங்கள். எதிர்த் தரப்பிடம் விளக்கம் கோரிக் கடிதம் போய்விட்டதா, விசாரணைக்குத் திகதி குறித்தாகிவிட்டதா என்று கேளுங்கள். விசாரணை நிலுவையில் இருப்பதைக் குறிப்பிடும் கடிதம் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள். விசாரணைத் திகதிகளுக்குத் தவறாமல் போங்கள். நீங்கள் வராததால் முறைப்பாடு மூடப்பட்டால் அந்தப் பிரிவு தரும் பாதுகாப்பும் போய்விடும், மணிக்கூடும் திரும்ப ஓடத் தொடங்கிவிடும்.

ஆணைக்குழுவின் முடிவு ஒரு விதந்துரை. நீதிமன்றக் கட்டளை போல அதை நிறைவேற்றுவிக்க முடியாது. அதிகாரி அதைக் கணக்கெடுக்காவிட்டால் ஆணைக்குழு ஜனாதிபதிக்கு அறிக்கை அனுப்பும், அது பாராளுமன்றத்தில் வைக்கப்படும். அவ்வளவுதான். இருந்தாலும் பல திணைக்களங்கள் விளக்கக் கடிதம் கேட்ட அளவிலேயே கட்டளையைத் திருத்திவிடுகின்றன. விளக்கம் எழுத முடியாத கட்டளைகள் நிறைய இருப்பதுதான் காரணம்.

யாரிடம் மேன்முறையிடுவது

இந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் கட்டடத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தில் இது பெரிய குழப்பம். மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகங்களும் மத்திய அரசின் கீழ். வலயக் கல்விப் பணிமனையும் பெரும்பாலான பாடசாலைகளும் மாகாணத்தின் கீழ், தேசிய பாடசாலைகள் மத்தியின் கீழ். யாழ். போதனா வைத்தியசாலை மத்தி, பிரதேச சபை மாகாணம். இதற்குள் நாடளாவிய சேவையைச் சேர்ந்த ஒருவர் மாகாணத்துக்கு விடுவிக்கப்பட்டு வேலை செய்வார். அவர் தினமும் கையெழுத்து வைப்பது மாகாண அலுவலகத்தில், அவருடைய ஒழுக்காற்று அதிகாரி வேறிடத்தில். நியமனக் கடிதத்தின் அடியில் எந்த ஆணைக்குழுவின் கட்டளைப்படி என்று எழுதியிருக்கிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

மத்திய அரச உத்தியோகத்தர் என்றால் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கையில். அது தன் அதிகாரத்தைக் குழுக்களுக்கும் செயலாளர்களுக்கும் திணைக்களத் தலைவர்களுக்கும் கையளித்திருக்கிறது. கையளிக்கப்பட்ட அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவர் இட்ட கட்டளைக்கு எதிராக, அரசியலமைப்பின் 58ஆம் உறுப்புரையின்படி ஆணைக்குழுவிடம் மேன்முறையிடலாம். ஆணைக்குழுவே இட்ட கட்டளை என்றால் அடுத்த படி 59ஆம் உறுப்புரையின் கீழுள்ள நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை. இதற்கு 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆணைக்குழுவின் முடிவை மாற்றவும் திருத்தவும் நீக்கவும் நியாயசபைக்கு அதிகாரம் உண்டு. இந்த இரண்டு வழிகளையும் 126ஐயும் விட்டால் ஆணைக்குழுவின் முடிவை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாதபடி 61அ உறுப்புரை தடுத்து வைத்திருக்கிறது. "மாவட்ட நீதிமன்றத்திலை ஒரு வழக்கைப் போடுவம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அரசாங்க சேவை ஆணைக்குழுவின் நடைமுறை விதிகள் 2009 பெப்ரவரி 20ஆம் திகதிய 1589/30ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்தவை. பின்னர் மாற்றங்களும் வந்திருக்கின்றன. உங்கள் கட்டளைத் திகதியில் எது நடைமுறையில் இருந்ததோ அதைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும். பழைய விதியின் இலக்கத்தை எழுதிவிட்டு நியாயம் கேட்பது, காலாவதியான பயணச்சீட்டைக் காட்டி ஆசனம் கேட்பது போல.

மாகாண உத்தியோகத்தருக்குப் பாதை வேறு. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் மாகாணப் பொதுச் சேவையின் அதிகாரத்தை ஆளுநருக்குக் கொடுத்து, அவர் அதை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்க இடம் வைத்திருக்கிறது. ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றும் அதிகாரமும் ஆளுநருக்கு உண்டு. 61அ போட்ட பூட்டு மாகாண ஆணைக்குழுவுக்கு இல்லை. அதனால் எழுத்தாணை மனு (கட்டளையை நீக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் 'ரிட்' மனு) என்ற வழி இங்கே திறந்திருக்கிறது. அதை யாழ்ப்பாணத்திலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்தில் போடுவதா, கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடுவதா என்பது எந்த அதிகாரத்தின் கீழ் கட்டளை இடப்பட்டது என்பதைப் பொறுத்தது. சட்டத்தரணியிடம் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. எழுத்தாணைக்கு ஒரு மாதம் என்ற வரம்பு இல்லை என்றாலும், காரணமில்லாத தாமதம் அங்கேயும் மனுவைத் தோற்கடிக்கும்.

யாழ். பல்கலைக்கழக ஊழியர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் தனி மேன்முறையீட்டுச் சபை உண்டு. பொலிசாருக்குத் தேசிய பொலிஸ் ஆணைக்குழு. கூட்டுத்தாபனம், சபை, அரச வங்கி ஊழியர்களுக்கு மேலே சொன்ன ஆணைக்குழுக்களின் பாதை பொருந்தாது. வேலையிலிருந்து நீக்கப்பட்டால் அவர்கள் தொழில் நியாயசபைப் பக்கம் பார்க்க வேண்டும்.

முறைப்பாட்டில் என்ன எழுதுவது

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையில் இங்கே தேவைப்படுவது இரண்டு பாகம். 12(1) சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் போன்ற காரணங்களால் எந்தப் பிரசைக்கும் ஓரங்காட்டக்கூடாது, அதாவது பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. எல்லோரும் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். என்னுடைய அபிப்பிராயத்தில் முதலாவதுதான் உழைக்கிற மாடு.

காரணம் எளிது. "நான் இன்ன சாதி என்பதால்தான் எனக்குப் பதில் கடமை (மேல் பதவியைத் தற்காலிகமாகப் பார்க்கும் பொறுப்பு) தரவில்லை" என்றால், அந்த "என்பதால்தான்" என்ற சொல்லை நீங்கள் நிரூபிக்க வேண்டும். எங்கள் ஊரில் சாதியை யாரும் பைலில் எழுதுவதில்லை. அது தேத்தண்ணிக் கோப்பையிலும், "அவர் எந்தப் பக்கம்?" என்ற கேள்வியிலும், யாரை எந்தக் கதிரையில் இருத்துவது என்பதிலும்தான் இருக்கும். ஆனால் "சேவை மூப்பில் நான் இரண்டாவது, ஒன்பதாவதாக உள்ளவருக்குப் பதில் கடமை தரப்பட்டிருக்கிறது, இதற்கு எழுத்தில் எந்தக் காரணமும் இல்லை" என்பதைக் கடதாசியால் நிரூபிக்கலாம். மனதில் இருந்த காரணத்தை நிரூபிப்பதைவிட வெளியே தெரியும் வித்தியாசத்தை நிரூபிப்பது லேசு. விதியிலிருந்து காரணமில்லாமல் விலகினால் அதுவே 12(1)இன் மீறல். சாதியோ மதமோ பாலோ காரணம் என்பதற்கு உங்களிடம் திகதியோடும் சாட்சியோடும் சம்பவங்கள் இருந்தால், அவற்றை 12(2)இன் கீழ் இரண்டாவதாக வையுங்கள். வைக்காமல் விடவும் கூடாது. உள்ளக மேன்முறையீட்டில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத காரணத்தைப் பிறகு நீதிமன்றத்தில் புதிதாகச் சொன்னால், பின்யோசனை என்றுதான் எடுப்பார்கள்.

வித்தியாசத்தைக் காட்ட ஒப்பிடுவதற்கு ஆள் வேண்டும். அதே சேவை, அதே தரம், அதே கட்டளைக்குத் தகுதியானவர். ஒரு பக்கத்தில் சின்ன அட்டவணை போதும்: முதல் நியமனத் திகதி, தரம் உயர்ந்த திகதி, தடைதாண்டல் பரீட்சை சித்தியடைந்த திகதி, தற்போதைய நிலையத்தில் எத்தனை வருடம், என்ன முடிவு கிடைத்தது. உங்கள் வரியும் அவருடைய வரியும் ஒன்றன்கீழ் ஒன்று. நான்கு பக்க ஆதங்கம் செய்யாததை இந்த இரண்டு வரி செய்யும். ஒப்பிட எடுத்தவர் வேறு சேவைப் பிரமாணத்தின் (சேவையின் ஆட்சேர்ப்பு, பதவி உயர்வு விதித் தொகுப்பின்) கீழ் நியமனம் பெற்றவராக இருந்தால் அட்டவணை முழுதும் வீண். முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொரு குழி. "அவருக்கு அனுபவம் போதாமலே பதவி கொடுத்தவை, எனக்கும் தாருங்கோ" என்ற வாதம் எடுபடாது. சட்டத்துக்கு மாறாக இன்னொருவருக்குக் கிடைத்த நன்மையைச் சமத்துவத்தின் பெயரில் தனக்கும் கேட்க முடியாது என்பது நிலைபெற்ற சட்டம். ஆட்சேர்ப்புத் திட்டத்தின் எந்தப் பந்தியின்படி நான் தகுதியானவர், அந்தப் பந்தி எனக்கு மட்டும் ஏன் பிரயோகிக்கப்படவில்லை என்றுதான் கேட்க வேண்டும். நேர்முகப் பரீட்சை வழக்குகளில் நல்ல பிடி ஒன்று உண்டு: அங்கீகரிக்கப்பட்ட புள்ளித் திட்டம் ஒன்றும், அன்று மேசையில் போட்ட புள்ளி இன்னொன்றுமாக இருப்பது.

கடிதம் இரண்டு பக்கம், மிஞ்சினால் மூன்று. முதற்பந்தி இப்படி இருந்தால் போதும்:

"தங்களின் 2025.03.04ஆம் திகதிய கடிதத்தின் மூலம் எனக்கு வழங்கப்பட்ட இடமாற்றக் கட்டளை 2025.03.11 அன்று எனக்குக் கிடைத்தது (இணைப்பு 1). இக்கட்டளை வருடாந்த இடமாற்றத் திட்டத்தின் பின்வரும் பந்திக்கு முரணானது. இதே நிலையத்தில் என்னைவிடக் கூடிய காலம் சேவையாற்றும் நால்வர் இடமாற்றப்படவில்லை (இணைப்பு 2). ஆகவே இக்கட்டளையை நீக்குமாறும், மேன்முறையீடு தீர்மானிக்கப்படும்வரை அதன் அமுலாக்கத்தை நிறுத்தி வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் இல்லாதவற்றையும் பாருங்கள். "ஐயா, இரு பிள்ளைகளின் தாயாகிய நான்" இல்லை. அதிகாரியின் குணம் பற்றி ஒரு சொல் இல்லை. குடும்ப நிலைமை இடமாற்றத் திட்டத்திலேயே கருத்தில் எடுக்கப்படும் காரணமாக இருந்தால், அந்தப் பந்தியின் இலக்கத்தோடு எழுதுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பந்தியில் இரண்டு வரி போதும். இரக்கத்தால் கிடைக்கும் இடமாற்றத்தை அடுத்த வருடம் இரக்கமில்லாத ஒருவர் எடுத்துவிடுவார்.

கேட்கும் நிவாரணம் திட்டமாக இருக்க வேண்டும். "எனக்கு நீதி பெற்றுத் தருக" என்பது நிவாரணம் அல்ல. எந்தக் கட்டளையை நீக்குவது, எந்தத் திகதியிலிருந்து பதவி உயர்வு, சம்பள நிலுவை வேண்டுமா, சேவை மூப்புப் பட்டியலில் எந்த இடம். பின்திகதியைக் கேட்க மறந்தவருக்குப் பதவி உயர்வு கடிதத் திகதியிலிருந்துதான் வரும். நிலுவையும் மூப்பும் அதோடு போகும்.

கடிதம் உங்கள் திணைக்களத் தலைவர் "ஊடாக"ப் போக வேண்டும். நீங்கள் யாருக்கு எதிராக எழுதுகிறீர்களோ அவரே ஊடாக அனுப்புபவராக இருப்பார். சங்கடம்தான், ஆனால் முறை அது. ஊடாக அனுப்பாத கடிதம் அந்தக் காரணத்துக்காகவே திரும்பி வரும். இதற்கு வழி, மூலப்பிரதியை ஊடாகக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியோடு ரப்பர் முத்திரை வாங்குவது. அதே நாளில் "முற்பிரதி" என்று மேலே எழுதி, நீங்கள் மேன்முறையிடும் ஆணைக்குழுவுக்கு நேரடியாகப் பதிவுத் தபாலில் அனுப்புவது. தபால் பற்றுச்சீட்டை உங்கள் பிரதியில் ஒட்டி வையுங்கள். கடிதம் மேசையில் தூங்கினாலும் நீங்கள் கொடுத்த திகதி தூங்காது.

மொழி பற்றி. வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. கொழும்பிலுள்ள நிறுவனங்களோடும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. இது உரிமை. நடைமுறை வேறு: தமிழ்க் கடிதம் மொழிபெயர்ப்புக்குப் போய் அங்கே சில வாரம் இருக்கும். ஆகவே தமிழில் எழுதி, கூடவே ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கத்தை இணைத்துவிடுங்கள். குற்றப்பத்திரமோ கட்டளையோ உங்களுக்குத் தெரியாத மொழியில் வந்தால், பதில் எழுதும் முன்னர் தமிழ்ப் பிரதியை எழுத்தில் கேளுங்கள். விளங்காத ஆவணத்துக்கு அரைகுறையாகப் பதில் எழுதிய பிறகு அந்த ஆட்சேபனைக்குப் பாரம் இல்லை. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடமும் இதை முறையிடலாம்.

முதலில் போய்க் கையெழுத்து வையுங்கள்

வலிகாமத்தில் வேலை செய்தவருக்கு நெடுந்தீவுக்கு இடமாற்றம் வருகிறது. வடக்கில் கஷ்டப் பிரதேச இடமாற்றம் தண்டனையாகப் பயன்படுவது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். அநீதி என்று தெரிந்ததும் வரும் முதல் எண்ணம், "மேன்முறையீடு போட்டிருக்கிறன், முடிவு வரும்வரை போக மாட்டன்" என்பது. இதைவிட ஆபத்தான முடிவு வேறில்லை. மேன்முறையீடு தானாக இடைநிறுத்தக் கட்டளை ஆகாது. விடுவிப்புக் கடிதம் கிடைத்த பிறகு புதிய நிலையத்தில் கடமையேற்காமல், விடுமுறையும் அனுமதிக்கப்படாமல் இருந்தால் பதவியை வறிதாக்கியதாக, அதாவது வேலையை நீங்களே விட்டுவிட்டதாக அறிவித்தல் வரும். பிறகு இடமாற்றத்தைப் பற்றிப் பேச நேரமிருக்காது, வேலையைக் காப்பாற்றத்தான் நேரமிருக்கும்.

குறிகட்டுவானில் படகேறிப் போய்க் கடமையேற்றுக் கையெழுத்து வையுங்கள். அன்றே, "எனது மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் பாதகமின்றிக் கடமையேற்கிறேன்" என்று ஒரு வரிக் கடிதம் கொடுங்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டுதானே போனீர்கள் என்று எதிர்த் தரப்பு வாதிடும்.

வாய்மொழி உத்தரவு இன்னொரு நோய். "நாளையிலிருந்து அந்த செக்ஷனிலை இருக்க வேண்டாம்" என்று சொல்வார்கள், எழுத மாட்டார்கள். எழுதாத கட்டளைக்கு மேன்முறையீடு இல்லையா? கட்டளையை நீங்களே எழுத்தில் கொண்டுவாருங்கள். "இன்று முற்பகல் 10.30 மணியளவில் தாங்கள் வாய்மொழியாக அறிவுறுத்தியபடி நிதிக் கிளைக் கடமைகளை ஒப்படைத்துள்ளேன். இதனை எழுத்தில் உறுதிப்படுத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." அன்றே கொடுத்து முத்திரை வாங்குங்கள். அவர் பதில் எழுதினால் கட்டளை எழுத்துக்கு வந்துவிடும். எழுதாவிட்டால் மறுக்கப்படாத உங்கள் கடிதமே சான்று. வட்ஸ்அப்பில் வந்த அறிவுறுத்தலைத் திரைப்பிடிப்பு எடுப்பதோடு நிற்காமல், அந்தக் கைபேசியையும் செய்தியையும் அழியாமல் வைத்திருங்கள்.

ஆவணம் தேட 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல கருவி. "என்னை ஏன் இடமாற்றினீர்கள்?" என்று தகவல் அலுவலரிடம் கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இன்ன திகதிய இடமாற்றக் குழுக் கூட்டக் குறிப்பு, அங்கீகரிக்கப்பட்ட புள்ளித் திட்டம், எனது புள்ளித் தாள், இந்த நிலையத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் சேவையாற்றுவோரின் பதவியும் சேர்ந்த திகதியும். காரணம் வேண்டுமென்றால் அதே சட்டத்தின் 35ஆம் பிரிவின் கீழ், முடிவால் பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் தனிக் கடிதம் எழுதுங்கள்.

இங்கும் நாட்கணக்கு இருக்கிறது. தகவல் அலுவலர் முடிவெடுக்க 14 வேலைநாள், அதாவது ஏறக்குறைய மூன்று வாரம். கட்டணம் கட்டிய பிறகு தகவல் தர இன்னொரு 14 நாள், சில காரணங்களுக்காக அதை இன்னும் 21 நாள் நீட்டலாம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. முதல் கட்டமே ஒரு மாதத்தைத் தின்றுவிடும். ஆகவே கட்டளை கிடைத்த அதே வாரம் தகவல் கோரிக்கையைப் போடுங்கள், பதிலுக்காக மேன்முறையீட்டையோ மனுவையோ தாமதிக்க வேண்டாம். கோரிக்கையின் பிரதியை இணைத்து, ஆவணம் கிடைத்ததும் சமர்ப்பிக்கும் உரிமையை ஒதுக்கி வைப்பதாக எழுதலாம். முதல் நான்கு பக்கம் இலவசம், செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டியதில்லை.

அங்கவீனத்தின் காரணமாக ஆட்சேர்ப்பில் ஒதுக்கப்பட்டவருக்குத் தனி வழி உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தான் வதியும் மாகாணத்தின் மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அரச சேவை வெற்றிடங்களில் மூன்று வீதத்தை அங்கவீனமுற்றோருக்கு ஒதுக்கச் சொல்லும் 1988ஆம் ஆண்டின் 27/88 இலக்கச் சுற்றறிக்கையையும் மேற்கோள் காட்டுங்கள். போரில் காலையோ கண்ணையோ இழந்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் மாகாணத்தில் இந்த இரண்டையும் அறிந்தவர்கள் குறைவு. பாலியல் தொந்தரவு வேறு வகை: அது தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம், பொலிஸ் முறைப்பாடும் வேண்டும்.

எம்.பி. வீடும் முகநூலும்

எங்களிடம் ஒரு பழக்கம். கட்டளை கிடைத்த மறுநாள் காலை பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் நிற்பது. வெளிச் செல்வாக்கைக் கொண்டுவந்து சேவை விடயத்தில் அழுத்தம் கொடுப்பதே ஒழுக்கக்கேடு. அரசாங்க சேவை ஆணைக்குழுவின் முடிவில் செல்வாக்குச் செலுத்த முயல்வதை அரசியலமைப்பே குற்றமாக வைத்திருக்கிறது. எம்.பி.யின் கடிதம் உங்கள் பைலில் ஏறினால், நாளை அது உங்களுக்கு எதிரான இணைப்பு. முகநூலில் அதிகாரியின் பெயரைப் போட்டு எழுதுவதும் பத்திரிகைக்கு அலுவலகக் கடிதத்தைக் கொடுப்பதும் அப்படியே. அரச உத்தியோகத்தரின் நடத்தை விதிகளைக் கொண்ட தாபன விதிக்கோவை அதற்கு இடம் தரவில்லை. முறைப்பாட்டுக்காரர் குற்றஞ்சாட்டப்பட்டவராக மாறுவது இந்தத் திருப்பத்தில்தான். மொட்டைக் கடிதம் பற்றிச் சொல்லவே வேண்டாம், யார் எழுதினாலும் நீங்கள்தான் எழுதியதென்பார்கள். தொழிற்சங்கம் வேறு. இடமாற்றக் குழுக்களில் சங்கப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். குழுவில் உங்கள் பெயர் எப்படி வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

உயர் நீதிமன்றத்துக்குப் போகத் தீர்மானித்தால், மனுவோடு சத்தியக்கடதாசியும் சான்றாவணங்களும் போக வேண்டும். எதிர்மனுதாரர்களில் கட்டளையிட்டவர், ஆணைக்குழுவின் உறுப்பினர்கள், சட்டமா அதிபர் ஆகியோரோடு இன்னொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது: உங்கள் மனு வென்றால் பாதிக்கப்படப் போகிறவர்கள். உங்களுக்குப் பதிலாகப் பதவி உயர்வு பெற்றவரைச் சேர்க்காமல் அவருடைய நியமனத்தை நீக்கக் கேட்டால், அந்த ஆட்சேபனையிலேயே மனு விழலாம். தினமும் ஒரே மேசையில் தேத்தண்ணி குடிப்பவரை எதிர்மனுதாரர் ஆக்குவது கஷ்டம்தான். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்களோடு எனக்குக் கோபமில்லை, சட்டம் கேட்கிறது என்று.

முதற்கட்டம் மனுவைத் தொடர அனுமதி பெறுவது. இடைக்காலக் கட்டளை வேண்டுமென்றால் அப்போதே கேட்க வேண்டும். இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டுமென்று 126(5) சொல்கிறது. நடைமுறையில் வருடங்கள் எடுக்கும், அதை மனதில் வைத்தே இறங்குங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் யாழ்ப்பாணத்தில் உண்டு. வருமான எல்லை இருப்பதால் உங்கள் சம்பளச் சீட்டோடு போங்கள்.

மேன்முறையீடு வென்று, கட்டளை நீக்கப்பட்டதாகக் கடிதம் வந்தால் வேலை முடிந்துவிடவில்லை. அந்தக் கடிதம் கணக்குக் கிளைக்குப் போய் நிலுவை கணக்கிடப்பட வேண்டும். சேவை மூப்புப் பட்டியல் திருத்தப்பட வேண்டும். பழைய கட்டளை உங்கள் சுயவிபரக் கோவையில் அப்படியே இருக்கும், யாரும் அதைக் கிழிக்க மாட்டார்கள், கிழிக்கவும் கூடாது. அதன் மேலே "இன்ன திகதிய கடிதத்தால் நீக்கப்பட்டது" என்ற குறிப்பும் கையொப்பமும் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து ஓய்வூதியக் கோவை தயாரிக்கும் ஒரு புதிய உத்தியோகத்தர், அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் விளக்கம் கேட்டு வருவார்.